பேணியிலிருந்து பானைக்கு

விழா மலர்க் குழுவினர் எனக்கு எழுதிய கடிதத்தில், கல்லூரி நாட்களைப் பற்றியேனும், வாழ்கின்ற நாட்டில் மேற்கொண்டுள்ள யாதாயினும் ஒரு முயற்சியைப் பற்றியேனும் கட்டுரை ஒன்று வரைந்து அனுப்புமாறு பணித்திருந்தனர். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுள் ஒருவர் இருதய வைத்தியரானார்; ஒருவர் மூன்று நாடுகளிற் பாலம் கட்டினார். நானோ இலண்டன் மாநகரில் ஓர் அலுவலகத்திற் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். முயற்சி என்று துணிந்து கூறத்தக்கது என் வாழ்வில் ஒன்றே உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் வீட்டுச் சமையலறையில் நானே பியர் காய்ச்சி வருகிறேன். சைவ நன்னெறி போற்றும் கல்லூரியொன்றின் மலரில் இதனை எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். எனினும் இக்கதையின் ஒரு நுனி நம் கல்லூரி இரசாயன வகுப்பிற் கட்டப்பட்டிருத்தலால் எழுதத் துணிந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்கிவிடல் வேண்டும். காய்ச்சுதல் என்றவுடன் நம்மவர் கசிப்பை நினைப்பர். கசிப்பு, ஆவியாக்கி வடிப்பது. பியரில் அவ்வேலை இல்லை. இனிப்புச் சாறு ஒன்றைக் கொதிக்கவைத்து ஆற்றி, மதுவம் என்னும் நுண்ணுயிரை இட்டு நொதிக்க விடுவதோடு சரி. இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுமுதல் இதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டில், நிதியமைச்சராயிருந்த றெஜினால்ட் மோட்லிங் என்பார் அத்தேவையை நீக்கினார். அன்றுமுதல் எவரும் தம் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்றலாகாது. நான் மாங்குளத்திற் புகையிரதம் ஏறி நம் கல்லூரி விடுதிக்கு முதன்முதலாக வந்து சேர்ந்ததும் அதே 1963ஆம் ஆண்டில் என்பது தற்செயலே. இலங்கையிலோ 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நிற்கிறது. அனுமதியின்றி வீட்டில் எதனையும் நொதிக்கவைத்துக் குடித்தல் குற்றமாகும். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாட்டிலுள்ள தம்பிமார் எவரும் அம்மாவின் கிடாரத்தைத் தேட வேண்டா.

நான் 1984ஆம் ஆண்டில் இலண்டன் வந்தேன். 1987ஆம் ஆண்டு நத்தார் விடுமுறைக்கு முன், அலுவலகத்தில் என் மேசைக்கு எதிர்மேசையிலிருந்த ஆங்கிலேயர் ஒருவர் பெரிய தகரப்பேணி ஒன்றைப் பரிசாகத் தந்தார். வீட்டுப் பியருக்கான ஆயத்தப் பேணி அது. உள்ளே கரிய நிறமான தடித்த பாணி, ஏறத்தாழ 1.8 கிலோ; மூடியின்கீழ் மதுவம் அடங்கிய சிறு பொட்டலம்; சுற்றியிருந்த தாளில் அறிவுரை. பேணியைத் திறந்தபோது வந்த மணம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. விடுதியில் மாலைவேளைகளில் நாம் குடித்த நெஸ்டமோல்ட்டின் மணம்! பியரும் அதுவும் ஒரே முளைத்த தானியத்தின் பிள்ளைகள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அறிவுரை மிக எளியது. பாணியை ஒரு பெரிய வாளியில் ஊற்றுக. ஒரு கிலோ சீனி சேர்க்க. கொதிநீர் விட்டுக் கரைக்க. குளிர்நீர் விட்டு 23 லீற்றராக்குக. மதுவத்தைத் தூவி மூடிவைக்க. ஒரு வாரத்திற் போத்தலில் அடைக்கலாம். கொதிக்கவைத்தல் இல்லை, கசப்புச் சேர்த்தல் இல்லை. அவையெல்லாவற்றையும் தொழிற்சாலையில் எவரோ செய்து முடித்துவிட்டனர். நான் செய்தது தண்ணீர் ஊற்றியது மட்டுமே. எனினும் முதற் போத்தலைத் திறந்து நுரை எழக் கண்ட நாளில் எனக்கு உண்டான பெருமை, பொதுப் பரீட்சையிற் சித்தியடைந்த நாளில் உண்டாகவில்லை.

பெருமை நாவில் நிற்கவில்லை. அப்பியர் நீர்த்துக் கிடந்தது. பழுதான அப்பிள் பழத்தின் வாடை ஒன்றும் அதில் இருந்தது. நான்காண்டுகள் பேணிகளை மாற்றி மாற்றி வாங்கினேன்; பெயர்கள் வேறு, படங்கள் வேறு, சுவை ஒன்றே. பின்னர் நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களைப் படித்தபோது காரணம் விளங்கிற்று. வெள்ளைச் சீனியை மதுவம் ஒரு துகளும் விடாமல் தின்று மதுசாரமாக்கிவிடும். நாவில் நிற்கும் கனத்தைத் தருவதற்கு எதுவும் எஞ்சாது. மோல்ட்டிலுள்ள வெல்லங்களிலோ மதுவத்தாற் செரிக்கமுடியாத பகுதியும் உண்டு. அதுவே பியருக்குக் கனம். மேலும் நான் வாளியை வெந்நீர்த் தொட்டி இருந்த அலுமாரிக்குள் வைத்தேன். குளிர்நாட்டில் மதுவம் விறைத்துவிடும் என்று நான் கொண்ட இரக்கம் அது! 18 முதல் 20 பாகை வரை போதும் என்க. அதற்கு மேல் சூடேறினால் மதுவம் அவசரத்தில் வேண்டாத வாடைகளை உண்டாக்கும். பேணிமீது பழி சுமத்தினேன். பாதிப் பழி என்னுடையது.

1991ஆம் ஆண்டில் பேணியை விட்டு மோல்ட் பாணிக்கு மாறினேன். இம்மாற்றத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும், ஏனெனில் கேட்போர் பலர், 'அதுவும் பாணி, இதுவும் பாணி; வேற்றுமை என்ன?' என்பர். பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, முளை நீளுமுன் உலர்த்துவர். முளைக்கும் தானியத்தில் மாப்பொருளை வெல்லமாக்கும் நொதியங்கள் தோன்றியிருக்கும். அதனை உடைத்து 65 பாகை அளவான சுடுநீரில் ஊறவிட்டால் ஒரு மணிநேரத்தில் மாப்பொருள் இனிப்பாகிவிடும். அவ்வினிப்புச் சாற்றைக் காற்றமுக்கம் குறைந்த கலத்திற் குறைந்த சூட்டிலேயே வற்றச்செய்தால் மோல்ட் பாணி. முற்றாக உலர்த்தினால் மோல்ட் மா. இவ்வளவையும் தொழிற்சாலை செய்கிறது. கசப்புச் சேர்க்காத அப்பாணியை வாங்கிக் கொதிக்கவைப்பதும், ஹொப்புப் பூவை எப்போது எவ்வளவு இடுவதென்று தீர்மானிப்பதும், ஆற்றுவதும், மதுவத்தைத் தேர்வதும் காய்ச்சுபவன் பொறுப்பு. பேணியில் ஹொப்பின் கசப்பும் முன்னரே சேர்ந்துவிட்டது; அங்கே நாம் செய்யக்கூடிய தவறுகள் சில. இங்கே பல.

இதைப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், வற்றவைத்த சாறுதான் பாணி என்னும் வரியில் என் கண் நின்றது. மாங்குளத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் அம்மா கருப்பநீரை வற்றக் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றியது நினைவுக்கு வந்தது. மோல்ட் பாணி பார்லியின் பனங்கட்டி. நான் ஐயாயிரம் மைலுக்கு மேல் கடந்து வந்து புதிதாகக் கற்பதாக எண்ணிய வித்தையின் முற்பாதி, எங்கள் பின்வளவில் ஆறு பனைமரங்களில் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது.

முதற் காய்ச்சலைச் சொல்லாமல் விட மனமில்லை. 2.7 கிலோ மோல்ட் மா. கபில நிறம் தரும் வறுத்த மோல்ட் தானியம் 250 கிராம். கென்ற் மாகாணத்துத் தோட்டங்களில் விளைந்த ஹொப்புப் பூ இருவகை. எங்களிடமிருந்த பெரிய பாத்திரம் ஒன்றுதான்; தைப்பொங்கலன்று முற்றத்து மேடையில் ஏற்றுவதற்கென்று என் மனைவியார் ஊரிலிருந்து கட்டிச் சுமந்து வந்த பானை. 'வருஷத்தில் ஒருநாள் சூரியனுக்கு, மற்ற நாளெல்லாம் உங்களுக்கோ?' என்று கேட்டுவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். தானியத்தைத் துணியிற் கட்டி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து எடுத்தேன். மோல்ட் மாவைக் கரைத்துக் கொதிக்க விட்டேன். கசப்புக்கான பூ 50 கிராமை இட்ட மறுகணமே நுரை திரண்டு எழுந்து நாற்புறமும் வழிந்தது. பொங்கலோ பொங்கல்! பால் பொங்கி வழிந்தால் மங்கலம். மோல்ட் பொங்கி வழிந்தால் அடுப்பைச் சுரண்ட இரண்டு மணிநேரம்.

ஹொப்புப் பூவிலுள்ள பிசின் அமிலம் சாதாரண நீரிற் கரையாது; ஒரு மணிநேரம் குமுறிக் கொதித்தாற்றான் உருமாறிக் கசப்பாகச் சாற்றில் இறங்கும். அதன் மணமோ மறுதலை. கொதிக்கக் கொதிக்க ஆவியோடு போய்விடும். ஆகவே கசப்புக்கு முதலிலும் மணத்துக்குக் கடைசிப் பத்து நிமிடத்திலும் பூ இடுவர். அம்மா புளிக்குழம்பில் வெந்தயத்தை முதலிலும் கறிவேப்பிலையைக் கடைசியிலும் இட்டதற்கு இந்த நியாயமே பொருந்தும் போலும்.

கொதித்து முடிந்த சாற்றை விரைவாக ஆற்றல் வேண்டும். பானையைக் குளியற்றொட்டிக் குளிர்நீரில் நிறுத்தி, நீரை மாற்றி மாற்றி ஒன்றரை மணிநேரம் காவலிருந்தேன். கொதிநிலையிற் கிருமி எதுவும் இல்லை. ஆறிய பின்னரோ இனிப்பும் இளஞ்சூடுமாகக் கிடக்கும் அச்சாறு திறந்துவிட்ட வீடு போன்றது. நல்ல மதுவம் உள்ளே நுழையுமுன் வேறு எதுவும் நுழைந்துவிடலாம். நாற்பது நிமிடத்திற்கொருமுறை வெப்பமானியைப் பார்த்தேன். பின்னர் நீர் சேர்த்து 23 லீற்றராக்கி, நீரமானியை மிதக்கவிட்டேன். 1045 காட்டியது. நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் உப்புநீரில் மிதக்கவிட்டு, எனக்கு இது எதற்கு என்று எண்ணிய அதே கருவி! பத்து நாட் கழித்து 1012. வெல்லம் குறைந்த அளவிலிருந்து கணித்தால் மதுசாரம் நூற்றுக்கு 4.3. ஒரு மாதங் கழித்துச் சுவைத்தபோது எதிர்மேசை ஆங்கிலேயர் ஒன்றும் பேசாமற் குவளையை மீண்டும் நீட்டினார். அந்நாட்டு வழக்கில் அதற்கு மேலான புகழ்ச்சி இல்லை.

இனி, சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

1992ஆம் ஆண்டுக் கோடையில் நான் காய்ச்சிய ஐந்தாவதோ ஆறாவதோ தொகுதி புளித்துவிட்டது. போத்தலுக்கு மாற்றும் இறப்பர்க் குழாயை முன்னைய முறை கழுவாமற் சுருட்டி வைத்திருந்தேன். மறுமுறை வெறும் தண்ணீர் ஓடவிட்டுப் பயன்படுத்தினேன். வினாகிரிக் கிருமி அக்குழாயிற் குடியிருந்தது. ஹொப்பின் கசப்புப் பல கிருமிகளை அடக்கும். வினாகிரிக் கிருமி அதற்கு அஞ்சாது. 23 லீற்றரையும் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து தொட்டியில் ஊற்றினேன். அப்போது எழுந்த புளித்த வாடை என்னை 1966ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்திற்குக் கொண்டுபோயிற்று.

மாங்குளத்தை அறியாத அன்பருக்குச் சில சொற்கள். கண்டி வீதியில், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும் மேற்கே மல்லாவி வழியாக வெள்ளாங்குளத்துக்கும் வீதி பிரியும் சந்தி அது. அக்காலத்திற் சந்தியையும் புகையிரத நிலையத்தையும் விட்டால் காடு; பாலையும் வீரையும் முதிரையும். வடக்கே சிறிது தூரத்தில் முறிகண்டிப் பிள்ளையார். அப்பாவுக்குக் குளத்தின்கீழ் வயலும் சந்தியில் ஒரு சிறு கடையும் இருந்தன. அப்பா தூய சைவர். புலாலும் மதுவும் எங்கள் படலைக்குள் வந்ததில்லை. அப்பத்துக்கு மாப் புளிக்கவைக்க ஒரு சிரட்டைக் கள் மட்டும் அம்மா பின்வேலியால் வாங்குவார். அதனை அப்பா அறிந்தும் அறியாதவராயிருந்தார்.

எங்கள் வளவுப் பனைகளை ஒருவர் சீவினார். அப்பாவைவிட அவருக்கு வயது அதிகம். எங்கள் வீட்டில் எல்லோரும், பதினான்கு வயதான நான் உட்பட, அவரைப் பெயர் சொல்லி அழைத்தோம். அவர் என்னைச் 'சின்னையா' என்றார். காலையும் மாலையும் தளநாரைக் காலில் மாட்டி ஏறுவார். பாளையை மெல்லச் சீவி முட்டியைக் கட்டுவார். பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வெல்லம் உண்டு. பார்லிக்குப் போல முளையும் வேண்டா, ஊறலும் வேண்டா, மரமே இனிப்பாக்கித் தருகிறது. ஆனால் காற்றில் அலையும் மதுவம் பாளையிலேயே காத்திருக்கும். வெறும் முட்டியில் விழுந்த சாறு விடியுமுன் கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் சாற்றின் காரத்தன்மையில் மதுவம் வேலை செய்யாது, அது கருப்பநீர். எங்கள் வளவில் இறங்கியது கருப்பநீர் மட்டுமே. அம்மா காய்ச்சிப் பனங்கட்டியாக்குவார். விலைப்பணத்திற் பாதி அவருக்கு. பருவ முடிவிற் கணக்குத் தீர்ப்பது வழக்கம்.

சித்திரை விடுமுறைக்கு நான் வீடு வந்திருந்தேன். அத்தவணை கல்லூரியிற் சுகாதாரம் படித்திருந்தோம். நோய்க்கிருமி என்ற சொல் எனக்குப் புதிதாகவும் பெரிதாகவும் இருந்தது. ஒருநாள் நண்பகல், மாலையிற் கட்டுவதற்காக அவர் காலையிலேயே சுண்ணாம்பு பூசிப் பனையடியிற் கவிழ்த்திருந்த முட்டிகளைக் கண்டேன். உள்ளே வெள்ளைப் பொருக்கு; ஓரத்தில் எறும்பு. நாங்கள் குடிக்கும் கருப்பநீர் இதிலா விழுகிறது என்று அருவருத்து, மூன்று முட்டிகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, இருந்தபடியே வைத்துவிட்டேன். அவர் அன்று வேறு வளவுகளிற் சீவிவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து கட்டினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா விரதம். வெள்ளிக்கிழமைகளில் வெயிலேறுமுன் ஒரு மூக்குப்பேணி கருப்பநீர் குடிப்பார். மரத்திலேயே எல்லா முட்டிகளையும் ஒரே குடுவையிற் கவிழ்த்து இறக்குவது வழக்கமாகையால் மூன்று முட்டிக் கள்ளும் மற்றவற்றோடு கலந்துவிட்டது. அப்பா ஒரு வாய் குடித்தார். வாயிலிருந்ததை முற்றத்திற் கொப்பளித்துவிட்டு எழுந்தார்.

'என்ரை வளவுக்கை கள்ளோ?'

அவர் வேலியோரத்தில் நின்றபடியே, 'முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினனான், ஐயா' என்றார். இரண்டு முறை அதையே சொன்னார். அப்பா கேட்கவில்லை. கள்ளைத் தவறணைக்குக் கொடுக்க எங்கள் மரங்களை மறைவாகப் பயன்படுத்துகிறார் என்பது அப்பாவின் முடிவு. அன்றோடு எங்கள் வளவில் அவர் வேலை நின்றது. பருவத்தில் இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. தீர்க்காத கணக்கு தீர்க்கப்படவில்லை.

நான் திண்ணையில் நின்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்று எழுதினால் எவரும் நம்புவர். அது ஏறத்தாழ உண்மையுங்கூட. சுண்ணாம்பு எதற்கென்று எனக்குத் தெரியாது. ஆனால் முட்டியைத் தொட்டவன் நான் என்பது தெரியும். அவர் 'சுண்ணாம்பு' என்று இரண்டாம் முறை சொன்னபோது என்னைப் பார்த்தார் என்பதும் தெரியும்.

அடுத்த தவணையில், நம் கல்லூரி இரசாயன வகுப்பில், அமிலமும் மூலமும் பாடத்தில், ஆசிரியர் சுண்ணாம்பை உதாரணமாக எடுத்தார். 'இதைத்தான் முட்டியிற் பூசுகிறார்கள். இல்லாவிட்டால் கருப்பநீர் கள்ளாகிவிடும்' என்றார். வகுப்பு சிரித்தது, கள் என்ற சொல்லுக்கு. நான் சிரிக்கவில்லை. அன்றிரவு விடுதியில் அப்பாவுக்குக் கடிதமெழுதத் தாள் எடுத்தேன். விடுதிக் கட்டணம் கிடைத்ததா என்று அப்பா கேட்டிருந்தார். கிடைத்தது என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.

இருபத்தாறு ஆண்டு கழித்து, இலண்டனில், என் அழுக்குக் குழாயால் என் பியர் புளித்தது. என்னை எவரும் வேலியோரத்தில் நிறுத்தவில்லை. என் அரை மாதக் கூலியை எவரும் மறிக்கவில்லை. மாதம் ஒன்று கழித்து வேறொரு தொகுதி காய்ச்சினேன். அவ்வளவே என் நட்டம். அப்பா அப்போது மாங்குளத்தில் இருந்தார். 1990ஆம் ஆண்டோடு வடக்குப் புகையிரதம் நின்றுபோய்க் கடிதமும் மாதக்கணக்கிற் செல்லும் காலம்; ஆயினும் கடிதம் சென்றது. இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டிலும் இச்செய்தி இல்லை. 1997ஆம் ஆண்டில் அப்பா காலமானார்.

அதன்பின் நான் காய்ச்சும் முறை மாறிற்று. மூடி, குழாய், கரண்டி, போத்தல் என ஒவ்வொன்றையும் காய்ச்சுமுன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் கழுவிக் கிருமிநீக்கி, செய்தேன் என்று ஏட்டில் எழுதி ஒப்பமிடுகிறேன். கணக்கெழுதுநன் பழக்கம் என்று மனைவியார் நகைப்பார். தூய்மை என்பது கண்ணுக்குத் தெரியும் வெண்மை அன்று. எந்த உயிர் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கலாகாது என்பதை அறிந்து செய்வது என்பதனை, லூயி பஸ்தர் 1876ஆம் ஆண்டில் பியரைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதி உலகுக்கு விளக்கினார். பஸ்தரைப் படித்திராத ஒரு மனிதர் அதனைச் சுண்ணாம்பால் நாள்தோறும் செய்துகொண்டிருந்தார். சுகாதாரம் படித்த நான் அதனைக் கழுவி ஊற்றினேன்.

2013ஆம் ஆண்டு புரட்டாதியிற் புகையிரதம் மீண்டும் ஓமந்தையைக் கடந்து கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கிற்று. மறுவருடம் மாசி மாதத்தில், முப்பது ஆண்டுகளின் பின், நான் மாங்குளம் நிலையத்தில் இறங்கினேன். நிலையம் புதிது. எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் இருந்தன. ஆறு பனைகளுள் மூன்று நின்றன, ஒன்றுக்குத் தலையில்லை. 2008ஆம் ஆண்டில் இப்பக்கத்தார் எல்லோரும் இடம்பெயர்ந்து, மீண்டு வந்தவர் வந்திருந்தனர். அவர் எங்கே என்று சந்திக் கடையில் விசாரித்தேன். 2003ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார் என்றும், அவருடைய இளைய மகன் ஒட்டுசுட்டான் வீதியில் இருக்கிறார் என்றும், அவரும் சீவல் தொழிலே செய்கிறார் என்றும் கூறினர்.

அம்மகன் என்னை அறிந்திருந்தார். தகப்பனார் 'சின்னையா' என்றார். மகன் 'அண்ணை' என்றார். இந்த ஒரு மாற்றத்துக்காகவாவது வந்தது நல்லதென்று எண்ணினேன். முற்றத்து வாங்கில் இருந்து, தேநீர் குடித்துமுடித்த பின், 1966ஆம் ஆண்டு நடந்ததைச் சொன்னேன். சொல்வதற்கு ஐந்து நிமிடமும் ஆகவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் எதற்குச் சுமந்தேன் என்று வியப்பாயிருந்தது.

அவர் வியப்படையவில்லை.

'முட்டி கழுவினது ஆரெண்டு அப்புவுக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை. கிணத்தடியிலை வெள்ளைத் தண்ணி காய்ஞ்சு கிடந்ததாம். பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுத்ததைப் பெடியன் செய்து போட்டுது எண்டு சொல்லிச் சிரிப்பார்.'

'பிறகேன் அப்பாவிட்டைச் சொல்லேல்லை?'

'உங்கடை அப்பாவிட்டையோ? மகன்தான் செய்தவன் எண்டோ?' என்று கேட்டுவிட்டுச் சிறிதுநேரம் பேசாதிருந்தார். கோபம் இல்லை, நான் இதனைக்கூட அறியாதவனா என்ற பார்வையே இருந்தது. பின்னர் அவராகவே சொன்னார்: அவ்வாண்டு அப்பு பூநகரிப் பக்கம் போய்ச் சீவினார், ஆவணி வரை வீட்டுக்கு வரவில்லை. அம்மா பிறர் வயலிற் களை பிடுங்கப் போனார். 'அக்காவைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சது அந்த வருஷந்தான். என்னைப் பாக்க ஆளில்லை. பிறகு அவ போகேல்லை. கெட்டிக்காரியாம், வாத்தியார் வீட்டை வந்து கேட்டவர்.'

அக்கா எங்கே என்று கேட்டேன். இடப்பெயர்வின்பின் செட்டிகுளத்து முகாமில் 2009ஆம் ஆண்டில் இறந்துவிட்டார் என்றார்.

பணத்தைப் பற்றி நான் தொடங்கியபோது அவர் கையை உயர்த்தி மறித்தார். அதன்பின் பேச்சு வேறு வழியில் திரும்பிற்று. இலண்டனில் நான் காய்ச்சும் பியரைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர். போத்தலில் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், மதுவத்தை எப்படித் தனியே எடுத்து வைக்கிறார்கள், கொதிக்கவைத்தாற் சுவை மாறாதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். தம் கள்ளைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கிறார். மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும், பிந்தினாற் புளிப்பு என்றார். நான் ஹொப்புப் பூவைப் பற்றிச் சொன்னேன். அது எந்த மரத்தில் ஏறும் கொடி என்று கேட்டார். மரத்திலன்று, கம்பத்திற் கட்டிய கயிற்றில் என்றேன். 'அப்ப ஏறத் தேவையில்லை' என்று சிரித்தார்.

சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டேன். அளவு ஏதும் அவரிடம் இல்லை. கூடினாற் பனங்கட்டி கைக்கும், உறையாது, குறைந்தாற் புளிக்கும், வெயிற் காலத்தில் ஒரு விரல் அதிகம், மழைக்குணம் உள்ள நாளில் ஒரு விரல் குறைவு என்றார். நான் என் ஏட்டில் அதனை எழுதிக்கொண்டேன்.

மாலை நான்கரை மணியாயிற்று. அவர் எழுந்து தளநாரைத் தோளில் இட்டு, கருப்பநீருக்கென ஒதுக்கிய முட்டிகளை எடுத்து வந்தார். ஒரு சிரட்டையிற் சுண்ணாம்பு குழைந்திருந்தது. 'இதை ஒருக்காப் பிடியுங்கோ, அண்ணை' என்று முட்டியொன்றை என் கையிற் கொடுத்தார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மூன்று விரலாற் சுண்ணாம்பை வழித்து உட்புறம் சுற்றிப் பூசினார். திருப்பச் சொன்னார், திருப்பினேன். அவ்வாறே ஏழு முட்டிகள்.